எழுதாத இருபத்துநான்கு கிலோ

1

லண்டன் நோர்பரியில் ஒரு தமிழ் வீட்டு வாசலில் கரவன் நின்றால், பார்ப்பவர்கள் முதலில் கேட்பது "எங்கை போகப் போறியள்?" என்றல்ல. "ஆருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறியள்?" என்றுதான் கேட்கிறார்கள். மூன்று கிழமையில் ஒன்பது பேர் கேட்டார்கள். அவர்களில் இருவர் மாதம் எவ்வளவு என்றும் விசாரித்தார்கள். ஒருவர், தனக்குத் தெரிந்த நல்ல பெடியன் ஒருவன் இருக்கிறான், சமையல் தொந்தரவு இல்லை, வெளியில் சாப்பிடுவான் என்று சிபாரிசும் செய்தார்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குக் கரவன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அது சக்கரம் பூட்டிய ஒரு சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையக்கூடிய கழிப்பறை எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் இல்லை. நல்ல வீடுவாசல் உள்ள வெள்ளைக்காரர்கள் இதைக் காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போய், ஒரு வயலில் வரிசையாக நிறுத்தி, குழாயடியில் இருந்து தண்ணீர் சுமந்து, கிழமைக்கணக்கில் இருப்பார்கள். அதற்குப் பெயர் விடுமுறை. எங்களில் பலர் இதையே முன்னர் வேறு பெயரில் செய்திருக்கிறோம். அப்போது நாங்கள் படம் எடுத்து ஒருவருக்கும் அனுப்பவில்லை.

எங்கள் வீட்டுக் கரவனை வாங்கியவர் என் மருமகன் சுதன். மிச்சம் என்ற பக்கத்து ஊரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறார். வாங்கியதற்குக் காரணம் நான் என்று சொன்னார்கள். நான் லண்டனுக்கு வந்து இந்தக் கோடையோடு முப்பத்தொரு வருடம். முப்பதாவது வருடத்துக்குக் கேக் வெட்டினார்கள், முட்டை போட்ட கேக், நான் சாப்பிடவில்லை. இந்த முறை கேக் வேண்டாம், எல்லோருமாக வேல்ஸ் கடற்கரைக்குப் போய் ஒரு கிழமை இருப்போம் என்று மகள் வதனி முடிவு செய்தாள். பேத்தி அபி செப்டெம்பரில் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு ஐந்து பேரும் ஒரு கூரையின் கீழ் ஏழு நாள் இருப்பது எப்போது என்று வதனி கேட்டாள்.

அந்தக் கூரைக்கு எவ்வளவு நிறை என்பதை யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் நான் இருக்கிறேன்.

2

"தம்பி, இதின்ரை நிறை என்ன?" என்று கரவன் வந்த அன்றே கேட்டேன்.

"ஆயிரத்து நானூறு, மாமா. கிட்டத்தட்ட."

"கிட்டவோ, தட்டவோ?"

இரண்டரை மில்லிகிராம் மாத்திரைக்கும் ஐந்து மில்லிகிராம் மாத்திரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிழவிகளுக்கு மூன்று தடவை சொல்லிக்கொடுக்கிற மனிதர், ஒன்றரைத் தொன்னுக்குக் கிட்டிய ஒரு பொருளை ஆயிரம் பேர் போகும் நெடுஞ்சாலையில் இழுத்துக்கொண்டு போகும்போது "கிட்டத்தட்ட" என்கிறார்.

நான் இந்த விசயத்தில் வாய் மூடி இருக்க முடியாதவன். ஊரில் பதினான்கு வருடம் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையில் லொறித் தராசுக்கு எழுதுவினைஞராக இருந்தேன். லொறி வெறுமையாக வந்து தராசில் ஏறும், எழுதுவேன். சீமெந்து ஏற்றிக்கொண்டு திரும்ப ஏறும், எழுதுவேன். இரண்டாவதில் இருந்து முதலாவதைக் கழித்தால் சீமெந்து. இதில் ஒரு தந்திரம் இருந்தது. வெறும் லொறியை நிறுக்கும்போது ஒரு ஆளை, பின்னால் மூடுகிற தார்ப்பாய்ப் படங்கின் கீழ் படுக்க வைத்துவிடுவார்கள். வெறும் லொறி பாரமாக எழுதப்படும். பிறகு ஆள் இறங்கிவிடுவான், அவனுடைய நிறைக்குச் சீமெந்து இலவசமாகப் போகும். ஒருநாள் எனக்குச் சந்தேகம் வந்து படங்கைத் தூக்கினேன். பெரிய மீசை வைத்த கிளீனர் ஒருவர் இரண்டு உதிரி டயர்களுக்கு நடுவில் படுத்திருந்தார்.

"ஐயா, நான் ஒளிக்கேல்லை. படுத்தனான்" என்றார்.

அந்த வசனத்தை இந்த வீட்டில் நான் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஆகவே காரின் கையேட்டையும் கரவனின் கதவோரத் தகட்டையும் வாசித்துக் கணக்குப் போட்டேன். கார் வெறுமையாக ஆயிரத்து அறுநூற்றைம்பது கிலோ. கரவன் சாமான்களோடு ஆயிரத்து நானூறுக்கு மேல் போகக்கூடாது. புதிதாக இழுப்பவர்களுக்கு ஓர் ஆலோசனை உண்டு. கரவனின் உச்ச நிறை, காரின் நிறையில் நூற்றுக்கு எண்பத்தைந்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் நாய் வாலை ஆட்டாமல் வால் நாயை ஆட்டத் தொடங்கிவிடும். எண்பத்தைந்து வீதம் என்பது ஆயிரத்து நானூற்று இரண்டரை. எங்களுக்கு இரண்டரைக் கிலோ மிச்சம்.

"பாத்தியளே மாமா, பாஸ்!" என்றார் சுதன்.

"பாஸ் மார்க் எடுத்த பிள்ளையை ஆரும் பட்டத்துக்குக் கூப்பிட்டதை நான் காணேல்லை."

இன்னும் இரண்டு எண்கள் இருந்தன. ஆட்களும் சாமானும் ஏறிய கார் இரண்டாயிரத்து நூறைத் தாண்டக்கூடாது. காரும் கரவனும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடாது. கரவனின் வெறும் நிறை ஆயிரத்து இருநூற்று நாற்பத்தேழு. அப்படியென்றால் அதற்குள் நாங்கள் வைக்கக்கூடிய சாமான் நூற்றைம்பத்துமூன்று கிலோ.

"விமானத்திலை ஆளுக்கு முப்பது. அஞ்சு பேருக்கு நூற்றைம்பது" என்று வதனி கணக்குப் பார்த்தாள். "இதிலை மூண்டு கிலோ கூட!"

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

3

எங்கள் ஆட்களுக்கு நிறை பற்றித் தெரிந்ததெல்லாம் விமான நிலையத்தில் கற்றது. ஒன்றிரண்டு கிலோ கூடினால் விடுவார்கள். விடாவிட்டால் கைப்பைக்குள் மாற்றலாம். கைப்பையும் நிறைந்துவிட்டால் உடுத்துக்கொண்டு போகலாம். என் மனைவி ராசமணி ஒருமுறை கொழும்பில் இருந்து மூன்று சேலையும் இரண்டு கம்பளிச் சட்டையுமாக வந்து இறங்கினாள். குடிவரவு அதிகாரி படத்தையும் முகத்தையும் பலமுறை பார்த்தார். பெட்டியில் கொழுவித் தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு இல்லாத தமிழ் வீடு லண்டனில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். எங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று நூற்றைம்பது கிராம் கூடக் காட்டும். அது எது என்று எனக்கு மட்டும் தெரியும்.

மூன்று கிழமை நான் கரவன் வாசலில் கதிரை போட்டு இருந்தேன். உள்ளே போகும் ஒவ்வொன்றும் கொக்கியில் தொங்கி, கொப்பியில் ஏறி, பிறகுதான் படியில் ஏறியது.

"இஞ்சாருங்கோ, இது தேங்காய் திருவலை. இதையுமோ?"

"இரண்டு கிலோ தொளாயிரம். வேல்ஸிலை துருவின தேங்காய் பைக்கற்றிலை விக்குது."

"வேல்ஸிலை சோறும் விக்குது. பிறகேன் என்னைக் கொண்டு போறியள்?"

திருவலை வீட்டுக்குள் திரும்பிப் போனது. வேல்ஸ் சுவான்சியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்கு ராசமணி கட்டிய பார்சல், மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல்மாவும், ஆறு கிலோவில் இருந்து மூன்றாகக் குறைந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் எந்தத் திசைக்குப் புறப்பட்டாலும் அந்தத் திசையில் இருக்கும் ஒருவருக்குப் பார்சல் போயாக வேண்டும். கரவன் என்றவுடன் இன்னும் நான்கு வீட்டில் இருந்து கேட்டார்கள். நான் தகட்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டேன். வதனியின் அயன்பெட்டி போனது. சுதனின் இருபத்துநான்கு பியர் ரின்களில் பதினெட்டு போயின. ஆறு ரின்னை அனுமதித்தேன். சாரதி சந்தோசமாக இருக்க வேண்டும், ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு.

அபி தன் கிற்றாரைக் கொண்டுவந்தாள். கூட்டோடு நான்கு கிலோ இருநூறு.

"அம்மப்பா, ப்ளீஸ். அங்கை கடற்கரையிலை வாசிக்கலாம். லாஸ்ட் சமர் எல்லே?"

"நாலு கிலோ இருநூறு, அபி."

அவள் வாதாடவில்லை. கிற்றாரைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். வதனி என்னைப் பார்த்த பார்வைக்கு நான் கொப்பியில் எதையோ தேடவேண்டியதாயிற்று.

காருக்கான கணக்கில் ஆட்களின் நிறையும் வேண்டும். சுதன் தொண்ணூற்றொன்று. நான் அறுபத்தெட்டு. வதனியும் அபியும் ஆளுக்கொரு துண்டில் எழுதி மடித்துத் தந்தார்கள். ராசமணி தராசில் ஏற மறுத்தாள்.

"என்னை நிறுக்கிறதுக்கு நான் என்ன கோழியே?"

பரவாயில்லை, நீரிழிவுக் கிளினிக்கில் இருந்து அவளுக்கு வந்த கடைசிக் கடிதத்தில் நிறை இருந்தது. அந்தக் கடிதம் என் பெட்டியில் இருந்தது. என் பெட்டியில் எல்லாக் கடிதமும் இருக்கும். இதற்கிடையில் எங்கள் பகுதிக் கவுன்சிலில் இருந்தும் ஒரு படிவம் வந்தது. யாரோ அறிவித்திருக்கிறார்கள். கரவனில் யாராவது வசிக்கிறார்களா, வசித்தால் எத்தனை பேர், வசிக்கவில்லை என்றால் அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் ஓரிடத்தில் வசிக்கவில்லை என்பதற்கு எந்தக் கடதாசியை இணைப்பது? நான் நான்கு பக்கம் எழுதி, பதினொரு இணைப்புகளோடு அனுப்பி, எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

4

புதிய வாகனத்துக்குப் பூசை செய்யாமல் வெளிக்கிட ராசமணி ஒத்துக்கொள்ளவில்லை. மனோர் பார்க் கோயிலுக்குத்தான் போகவேண்டும் என்றாள். நோர்பரியில் இருந்து மனோர் பார்க்குக்கு வெறும் கரவனையும் இழுத்துக்கொண்டு லண்டனைக் குறுக்கே கடக்க இரண்டு மணி பத்து நிமிடம். அந்தத் தெருவில் எதிரும் புதிருமாக வீடுகள், இரண்டு பக்கமும் கார்கள். சுதன் நாற்பது நிமிடம் முன்னுக்கும் பின்னுக்கும் போனார். கரவன் பின்னால் போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும் என்று நான் வாசித்திருந்ததைச் சொன்னேன். "மாமா, தயவுசெய்து உள்ளை போய்க் கும்பிடுங்கோ" என்றார்.

இளம் ஐயர் வெளியே வந்து, காரையும் கரவனையும் இரண்டு முறை சுற்றிப் பார்த்தார். கையில் நான்கு எலுமிச்சம்பழம்.

"சில்லு ஆறு" என்றேன்.

"கரவனுக்கு வேணுமோ? அதிலை எஞ்சின் இல்லையே, ஐயா."

"எஞ்சின் இல்லாததுதான் ஆட்டும்."

அவர் யோசித்துவிட்டு, எதிர்க்கடையில் இன்னும் இரண்டு வாங்கிவரச் சொன்னார். ஆறு சில்லும் ஆறு பழத்தை நசுக்கின. அந்த அளவில் எனக்குத் திருப்தி.

5

புறப்படும் சனிக்கிழமை காலை நான் கடைசி நிபந்தனையைச் சொன்னேன். மிச்சம் பகுதிக்கு அப்பால் பழைய இரும்பு வாங்கும் முற்றம் ஒன்றில் பொதுமக்களுக்கும் நிறுத்துக் கொடுக்கும் லொறித் தராசு இருக்கிறது. அதில் ஏறிவிட்டுத்தான் நெடுஞ்சாலை.

"அப்பா, மூண்டு கிழமையா நிறுத்தனீங்கள்" என்றாள் வதனி. "பின்னேரம் ஆறு மணிக்கு முந்தி வேல்ஸிலை கரவன் விடுற இடத்துக்குப் போய்ச் சேராட்டி வாசல் பூட்டிப்போடுவாங்கள்."

"மூண்டு கிழமையும் துண்டு துண்டா நிறுத்தது. மொத்தமா நிறுக்க வேணும்."

"கூடினால்?"

"கூடாது. ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. நாலு கிலோ மிச்சம் வைச்சிருக்கிறன்."

போகும் வழியில் ஒரு சுற்றுவட்டத்தில் கரவனின் வால் ஒருமுறை இடமும் வலமும் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. ஆனால் சுதனின் கைகள் ஸ்டியரிங்கில் இறுகின. "நேற்று ஓடிப் பாத்தனான், இப்படி ஆடேல்லையே" என்றார். பின்பக்கத்தில் பாரம் கூடினால்தான் வால் ஆடும் என்று நான் விளக்கினேன். "ஆரோ பின்பக்கத்திலை என்னவோ வைச்சிருக்கினம்" என்று சொல்லி, ராசமணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

முற்றத்தில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்தாள். முதலில் நாங்கள் ஐந்து பேரும் இருக்கக் காரை மட்டும் நிறுத்தோம். இரண்டாயிரத்து எண்பது. என் கொப்பியிலும் அதுதான். பிறகு கரவனை மட்டும் தராசின் நடுவில் கழற்றி விட்டோம். யன்னலுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

ஆயிரத்து நானூற்று இருபது.

இந்தத் தராசு இருபது இருபதாகத்தான் காட்டும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் எண்ணுக்கு ஆயிரத்து நானூறுதான் வரவேண்டும். பதினான்கு வருடம் ஒரு தொழிற்சாலையின் சீமெந்தைக் காப்பாற்றிய என் எண் அது.

"இருபது கிலோ கூட" என்றார் சுதன், நம்பாதவர் போல. அவர் குரலில் கொஞ்சம் சந்தோசமும் இருந்தது என்று இப்போதும் சொல்வேன்.

"ஆர் வைச்சது?" என்றேன். "ராசமணி, நீர் திருவலையைத் திரும்ப வைச்சனீர்."

"என்னாணை வைக்கேல்லை."

"அரிசி?"

"நீங்கள் எண்ணித் தந்த அரிசிதான். ஒரு மணி கூட இல்லை."

"தம்பி, அந்தப் பதினெட்டு ரின்?"

"மாமா, வீட்டு ஃபிரிஜ்ஜிலை கிடக்கு. போன் எடுத்துக் கேக்க அங்கை ஆக்கள்கூட இல்லை."

"அப்ப இருபது கிலோ ஆகாயத்திலையிருந்தே வந்தது? நான் ஊரிலை படங்கைத் தூக்கி..."

"மீசைக்காரன் படுத்திருந்தான். தெரியும்" என்று நான்கு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

பின்னால் பழைய இரும்பு ஏற்றிய வான் ஒன்று ஹோர்ன் அடித்தது. நாங்கள் கரவனைத் தராசில் இருந்து இறக்கி முற்றத்தின் ஓரத்தில் நிறுத்தினோம். நான் கதவைத் திறந்து, கொப்பியை விரித்து, ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டேன். முன்கூடாரம், இருபத்துமூன்று. இருக்கு. பற்றரி, இருபத்தொன்று. இருக்கு. பானை மூன்று, சட்டி இரண்டு. இருக்கு. எல்லாம் இருந்தன. கூடுதலாக ஒரு கரண்டிகூட இல்லை.

"பின்கட்டிலுக்குக் கீழை பாத்தனீங்களே?" என்று உள்ளே இருந்து அபி கேட்டாள்.

"அங்கை ஒண்டும் இல்லை."

"அம்மப்பா. கம் ஹியர்."

போனேன். அவள் கட்டிலின் பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். உள்ளே, இரண்டு பெல்ட்டால் குறுக்கே கட்டிய மண்ணிறப் பெட்டி ஒன்று சாய்ந்து கிடந்தது.

என் பெட்டி.

அபி கொக்கித் தராசை எடுத்துக் கொழுவினாள். இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

"ட்வென்ரிஃபோர்" என்றாள். "இருபத்துநாலு கிலோ."

ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றாறும் இருபத்துநாலும் ஆயிரத்து நானூற்று இருபது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. என் கணக்குச் சரி. ஒரு கிலோ பிசகவில்லை. பிறகுதான் மற்ற நான்கு முகங்களையும் பார்த்தேன்.

6

காலையில் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான்தான் அதை வைத்தேன். வீட்டை விட்டு ஓர் இரவுக்கு மேல் போவதென்றால் பெட்டி என்னோடு வரும். லெஸ்டரில் கலியாணத்துக்கு வந்தது, பேத்தி பிறந்த ஆஸ்பத்திரிக்கு வந்தது. யுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவன், போகும்போது கடதாசிகளை எடுக்கிறான். பிறகு ஒருபோதும் கீழே வைப்பதில்லை. தான் போட்டிருக்கும் சட்டையை யாராவது நிறுத்துக் கொப்பியில் எழுதுவார்களா?

"நான் ஒளிக்கேல்லை" என்றேன். "வைச்சனான்."

சொல்லி முடிக்க முன்னரே எனக்கு அந்தக் குரல் கேட்டது. மீசை இல்லாததுதான் வித்தியாசம்.

சுதன் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாட்டைப் பாராட்டுகிறேன். "பரவாயில்லை மாமா, காருக்கை வைப்பம்" என்றார்.

"கைப்பை!" என்றாள் ராசமணி. "கைப்பைக்குள்ளை மாத்திற வேலை காரிலை கூடாது எண்டு எனக்குப் படிப்பிச்சவர் இவரெல்லே?"

காருக்கு இரண்டாயிரத்து எண்பது. பெட்டியோடு இரண்டாயிரத்து நூற்று நான்கு. நான்கு கிலோ கூட. கரவனில் நான் விட்டிருந்த நான்கு கிலோ மிச்சம் தண்ணீருக்கு, அதை யாரும் தொடக்கூடாது.

"நாலு கிலோ இந்தத் தராசுக்கே தெரியாது, மாமா."

"எனக்குத் தெரியும்."

நான் முடிவெடுத்தேன். நான் இறங்கினால் அறுபத்தெட்டு. பெட்டியோடு நானும் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனால் எல்லா எண்களும் சரிவரும். இதை ஒழுங்காக, கோபம் இல்லாமல், கொப்பியைக் காட்டிச் சொன்னேன்.

"கேட்டியளே" என்றாள் ராசமணி. "இவருக்குத்தான் முப்பத்தொரு வருசத்துக் கொண்டாட்டம். மாப்பிள்ளை பஸ்ஸிலை வீட்டை போறாராம், நாங்கள் போய் அவற்றை கலியாணச் சாப்பாட்டைச் சாப்பிட்டிட்டு வரட்டாம்."

"அப்பா, நீங்கள் வராட்டி ஒருத்தரும் போகேல்லை" என்றாள் வதனி. "கரவனை விக்கிறம். எல்லாரும் வீட்டை போவம்."

அப்போது அபி சொன்னாள், கொஞ்சமும் சத்தம் போடாமல். "என்ரை கிற்றார் நாலு கிலோ இருநூறு, அம்மப்பா. நான் விட்டிட்டு வந்தனான்."

முற்றத்தின் மூலையில் கடதாசி போடும் நீலத் தொட்டி ஒன்று நின்றது. நான் பெட்டியைக் கரவன் படியில் வைத்துப் பெல்ட்டைக் கழற்றினேன்.

முப்பத்தொரு வருடக் கடதாசியில் நான்கு கிலோவைத் தெரிந்தெடுப்பது சின்ன வேலை அல்ல. கடவுச்சீட்டுகள் பாரமே இல்லை. பிறப்புச் சான்றிதழ்கள் பாரம் இல்லை. காணி உறுதி பாரம் இல்லை. பாரமானவை வேறு. கவுன்சிலுக்கு எழுதிய விளக்கங்கள், அவற்றுக்கு வந்த விளக்கம் கேட்கும் கடிதங்கள், நாங்கள் குடியிருந்த ஐந்து வீடுகளின் காஸ் பில்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தடித்த கட்டு. நான் இந்த நாட்டில் இருக்கக் கேட்டபோது ஏலாது என்று சொன்ன கடிதங்கள். அபி கொழுவிப் பார்த்தாள். மூன்று கிலோ நூறு.

"ஓம் எண்டு சொன்ன கடிதம் எங்கை?"

காட்டினேன். ஒற்றைத் தாள். கொக்கியில் அது எதையும் காட்டவில்லை.

பெயரும் முகவரியும் உள்ள மூலைகளைக் கிழிக்காமல் தொட்டியில் போடக்கூடாது என்று நான் சொன்னேன், காலம் கெட்டுக் கிடக்கிறது. அபியும் நானும் படியில் இருந்து மூலைகளைக் கிழித்தோம். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆங்கிலம் நன்றாக வரும். கிழிக்கிற சாட்டில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் நின்றுவிட்டாள்.

"அம்மப்பா, இது என்ன? ஊரிலையிருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு உழவு மெசின் ட்ரெய்லர்ப் பெட்டியிலை பதினொரு பேர் எண்டு முதல் சொன்னீங்களாம். பிறகு பன்னிரண்டு எண்டு சொன்னீங்களாம். அதாலை உங்களை நம்ப ஏலாதாம்."

"ஓம்."

"ரியலி? ஒரு ஆளுக்காகவோ? எது சரி?"

"பன்னிரண்டு."

"அப்ப ஏன் பதினொண்டு எண்டு சொன்னீங்கள்?"

"பெட்டியிலை ஆர் ஆர் இருந்தது எண்டு கேட்டாங்கள். நான் ஒவ்வொரு முகமா நினைச்சுப் பாத்து எண்ணினனான். என்ரை முகத்தை நான் பாக்கேல்லைத்தானே."

ராசமணி காருக்குள் இருந்து சொன்னாள். "அண்டைக்குப் பிடிச்ச விசர். அதுக்குப் பிறகு இந்த மனிசன் வீட்டிலை வாழைப்பழம் வாங்கினாலும் ரெண்டு தரம் எண்ணும்."

அபி அந்தத் தாளை மட்டும் தொட்டியில் போடவில்லை. நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்தாள். "இது என்ரை அலவன்ஸிலை" என்றாள். மூன்று கிலோ நூறு போக, மீதித் தொளாயிரம் கிராமுக்குக் காஸ் பில்களைக் கொடுத்தேன். ஒரு தாள் குறைந்ததை ஈடுசெய்ய, கவுன்சிலுக்கு அனுப்பிய நான்கு பக்கத்தின் பிரதியில் இரண்டு பக்கத்தையும் போட்டேன். தொட்டிக்குள் விழுந்தபோது கட்டு பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. கிழித்த மூலைகள் என் காற்சட்டைப் பையில் இருந்தன. நாற்பது கிராம் இருக்கும். அதை ஒருவரும் கேட்கவில்லை.

பெட்டி இருபது கிலோவாக அபியின் காலடியில் ஏறியது. கடைசி முறையாகக் காரைத் தராசில் ஏற்றினோம். மஞ்சள் மேலங்கிப் பெண் என் பக்கத்து யன்னலைப் பார்த்து, உள்ளே எத்தனை பேர், சீட்டில் எழுத வேண்டும் என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்து எண்ணினேன். சுதன், ராசமணி, வதனி, அபி.

"ஃபோர்" என்றேன்.

பின்னால் இருந்து ஒரு கை என் தோளில் விழுந்தது.

"ஃபைவ்" என்றாள் அபி, அந்தப் பெண்ணுக்கு. பிறகு எனக்கு, "அம்மப்பா, திரும்பவும் உங்களை விட்டிட்டியள்."

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. இரண்டாயிரத்து நூறு.

"சரியோ, மாமா?" என்று கேட்டார் சுதன்.

கொப்பியில் எழுதினேன். ஐந்து பேர். ஒரு பெட்டி. இரண்டாயிரத்து நூறு.

"சரி" என்றேன். "ஆனால் வேல்ஸ் போய்ச் சேருமட்டும் ஒருத்தரும் வழியிலை தேத்தண்ணி குடிக்கக்கூடாது."